ஒன்பது பூச்சு முகம்

தோரோன்பெக் அந்தப் படத்தைக் கொண்டுவந்த லட்சணத்தைப் பார்த்ததுமே எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. ஆளுயரப் படம், கனத்த வால்நட் மரச் சட்டம். அதைப் பழைய கம்பளி ஒன்றில் சுருட்டி, மினிபஸ்ஸின் பின்பக்கம் ஆப்பிள் மூட்டைகளுக்கு நடுவே செருகி, ஏரிக்கரையிலிருந்து எங்கள் ஊர் காரகோல் வரை குலுங்கக் குலுங்க ஏற்றி வந்திருந்தான்.

"ஆட்டைக்கூட இதைவிட மரியாதையா ஏத்துவாங்கடா" என்றேன்.

"ஆடு கத்தும். இது கத்தாது. பிடி ஒரு பக்கம்."

இரண்டு பேரும் மூச்சு வாங்க அதை உள்ளே கொண்டுவந்து, அடுப்புக்கு எதிரே சுவரில் சாய்த்தோம். எனக்கு இருப்பது ஒரே அறை. அதில்தான் வரைகிறேன், அதில்தான் சமைக்கிறேன், அதில்தான் தூங்குகிறேன். தோரோன்பெக் கம்பளியை உருவினான். நான் கெட்டிலைத் தேடுகிற சாக்கில் திரும்பிக்கொண்டேன். படத்தில் இருக்கும் அவன் மனைவி கனிஷாய் இறந்து மூன்று வருஷம் ஆகிறது. அந்த மூன்று வருஷமும் நான் இந்தப் படம் மாட்டியிருந்த அவனுடைய விடுதியின் சாப்பாட்டு ஹாலுக்குள் கால் வைக்கவில்லை. காரணம் கேட்டவர்களிடம் மூட்டுவலி என்று சொல்லி வைத்திருந்தேன்.

"அடுத்த மாசம் எனக்கு அறுபது. பெரிய விருந்து. தெரியுமில்ல?"

"தெரியும்."

"அதுக்குள்ள இவளை எடுத்துட்டு மீரிமை வச்சுடு."

"என்னது? புதுப் பொண்டாட்டியையா?"

"குதிரை இருக்கட்டும். ஏரி இருக்கட்டும். நான் இருக்கட்டும். பொம்பளையை மட்டும் மாத்து."

"டேய், இது என்ன டிராக்டரா, ஒரு பார்ட்டைக் கழட்டி இன்னொண்ணு மாட்ட?"

வழக்கமாக இப்படி ஏதாவது சொன்னால் அவன் என்னைப் பதிலுக்குக் கரித்துக் கொட்டுவான். அன்று கொட்டவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.

"ஹாலுக்கு வர்ற ஒவ்வொருத்தனும் கேக்கறான் ஷெய்ஷென். இது யாரு, உங்க வீட்டம்மாவான்னு. ஆமா, செத்துட்டான்னு சொல்றேன். உடனே அவன் கரண்டியைக் கீழ வச்சுட்டு என்னையே பாக்கறான். தினம் மூணு வேளை என் பொண்டாட்டியை நானே சாகடிக்கணுமா?"

நான் கோப்பைகளைக் கழுவினேன்.

"புதுசா வரைஞ்சு தரேன்" என்றேன். "இதைவிடப் பெருசா. இது இங்கேயே இருக்கட்டும்."

"உனக்கெதுக்கு இது?"

அந்த இடத்தில்தான் வாய் திறந்திருக்க வேண்டும். அவனும் நானும் ஒரே வகுப்பில் படித்தவர்கள், ஒன்றாகத் திருட்டு ஆப்பிள் தின்றவர்கள், சொல்லியிருக்கலாம். "சட்டம் நல்லாருக்கு, அதுக்காகக் கேட்டேன்" என்றேன்.

"சட்டம் என்னுது" என்று சிரித்தான். "அதெல்லாம் வேணாம். இந்தக் குதிரை பந்தயம் ஜெயிச்சதை ஊரே பார்த்துச்சு. எங்கப்பா சாகறதுக்கு முன்னாடி இந்தப் படத்தைத்தான் பார்த்துட்டுப் போனாரு. இதுதான் எங்க வீட்டுப் படம். நீ முகத்தை மட்டும் மாத்து." கிளம்பும்போது சுவரில் தொங்கிய பூண்டுச் சரத்தைப் பார்த்துவிட்டு, "இத்தனை பூண்டா? கட்டிக்க எவளும் வராததுக்கு இதுதான் காரணமா?" என்று கேட்டான்.

"அது தின்ன இல்ல. படத்துக்கு."

"படத்துக்குப் பூண்டா! அஷ்லான்பு நூடுல்ஸ் கிண்டப் போறியாடா என் பொண்டாட்டி மேல?"

சிரித்துக்கொண்டே போய்விட்டான். அவனுக்கு என்ன தெரியும்? காய்ந்து பளபளக்கிற எண்ணெய்ப் பெயிண்டின் மேல் புது பெயிண்டைத் தடவினால், எண்ணெய் ஏறின இரும்புச் சட்டியில் தண்ணீர் தெளித்த மாதிரி திரண்டு ஓடும். ஓடாமல் கெட்டியாக அப்பி வைத்தாலும் அது ஒட்டியிருப்பதாகப் பாசாங்கு செய்யுமே தவிர ஒட்டாது. வெயிலும் குளிரும் மாறி மாறி இரண்டு தடவை வந்து போனால் தோலாக உரிந்துவிடும். அதனால் முதலில் மெல்லிய உப்புத்தாளை டர்பன்டைனில் நனைத்து அந்தப் பளபளப்பைக் கொல்ல வேண்டும். தூசியைத் துடைக்க வேண்டும். பிறகு பூண்டுப் பல்லைக் குறுக்கே வெட்டி, வெட்டின முகத்தால் ஒரு அங்குலம் விடாமல் தேய்க்க வேண்டும். அந்தச் சாறு காய்ந்து பிசுக்கென்று இருக்கும்போது வரைந்தால், மேலே இருப்பது கீழே இருப்பதை விடவே விடாது. எங்கள் ஊரில் தூரிகை பிடித்த எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள். முப்பத்தைந்து வருஷத்தில் நான் ஒரு படத்துக்கும் இதைச் செய்யாமல் விட்டதில்லை.

அவன் போன பிறகு படத்தை நேராகப் பார்த்தேன். குதிரை, ஏரி, கையில் கடிவாளத்தோடு நாற்பத்தொரு வயது தோரோன்பெக், எல்லாம் மங்கலாக, எண்ணெய் வற்றிக் கிடந்தன. தரையில் விரித்த கம்பளத்தில் உட்கார்ந்து தேநீர் ஊற்றுகிற கனிஷாயின் முகம் மட்டும் நேற்றுத்தான் வரைந்தது போல் பளபளத்தது.

பளபளக்காமல் என்ன செய்யும்? மற்றதற்கெல்லாம் மூன்று பூச்சு. அவள் முகத்துக்கு ஒன்பது. ஒவ்வொரு பூச்சுக்கும் ஆளி விதை எண்ணெயும் வார்னிஷும் கலந்து கண்ணாடி மாதிரி மெல்லிசாகப் போட்டு, அது காய ஒரு வாரம் காத்திருந்து, "இன்னும் ஒரு தடவை வாங்க அண்ணி" என்று கூப்பிடுவேன். தோரோன்பெக் என்னைவிட நாலு மாசம் மூத்தவன். எங்கள் வழக்கப்படி அவன் மனைவி எனக்கு அண்ணி. அந்த நாலு மாசத்தை நான் திட்டாத நாள் கிடையாது. ஏழாவது தடவை வந்து உட்கார்ந்தபோது அவள், "என் மூஞ்சி அவ்வளவு கஷ்டமா தம்பி?" என்று கேட்டாள். "ஆமா அண்ணி" என்றேன். அவள் சிரித்தாள். எங்களுக்குள் நடந்த பெரிய பேச்சு அவ்வளவுதான். அந்த வசந்த காலத்தில் ஒன்பது தடவை, ஒவ்வொரு தடவையும் ஒரு மணி நேரம், இந்த அறையில் என்னைத் தவிர இன்னொரு ஆள் இருந்தது. அதற்கு முன்னும் பின்னும் நான் தனிதான். நாள் முழுக்கப் பேசாமல் இருந்துவிட்டு, புகைகிற அடுப்பைத் திட்டும்போது என் குரலைக் கேட்டு நானே திடுக்கிட்டிருக்கிறேன்.

மறுநாள் மீரிம் வந்தாள். தோரோன்பெக்கின் புது மனைவி, முப்பத்திநாலு வயது, அகலமான தோள், சொரசொரப்பான கை. அவளைப் பிடிக்கக் கூடாது என்று தீர்மானம் செய்து வைத்திருந்தேன். அவளோ வந்ததும் என்னைக்கூடப் பார்க்காமல் நேரே படத்தின் முன்னால் போய் நின்று, இரண்டு கையையும் ஏந்தி, உதட்டுக்குள் ஏதோ சொல்லி, கைகளை முகத்தில் தடவிக்கொண்டாள். இறந்தவர்களைப் புதைத்த மண்ணுக்கு முன்னால் செய்வதைப் போல. அப்புறம்தான் என் பக்கம் திரும்பினாள்.

"அக்கா நல்லா இருந்திருக்காங்க" என்றாள். "எங்க உக்காரட்டும் அண்ணே?"

கம்பளத்தைக் காட்டினேன். உட்கார்ந்தாள். ஒரு மணி நேரம் அசையவில்லை, தும்மல்கூடப் போடவில்லை. முகத்தைக் காகிதத்தில் வரைந்துகொண்டேன். போகும்போது துணியில் சுற்றி வைத்திருந்த போர்சோக் ரொட்டியை மேசையில் வைத்துவிட்டு, "காலைல சுட்டது, நீங்க தனியா இருக்கீங்கன்னு அவரு சொன்னாரு" என்றாள். இதெல்லாம் எனக்கு எரிச்சலைத்தான் தந்தது.

வேலையைத் தொடங்கினேன். பாவாடையைத் தேய்த்தேன். கோப்பை பிடித்த கைகளைத் தேய்த்தேன். பூண்டு போட்டேன். முகத்துக்கு வந்தபோது உப்புத்தாளை எடுத்தவன் கீழே வைத்துவிட்டேன்.

நான் சூதுவாது தெரியாதவன் என்று ஊரில் பெயர். அந்தப் பெயர் அன்று மத்தியானம் போனது. முகத்தை மட்டும் தேய்க்காமல் அப்படியே விட்டேன். மேலே மீரிமின் முகத்தை, திரண்டு ஓடாதபடி பெயிண்டைக் கெட்டியாகக் குழைத்து, சீக்கிரம் உலருகிற மருந்தும் கலந்து, அப்பி முடித்தேன். மனசுக்குள் கணக்கும் போட்டேன். சாப்பாட்டு ஹாலில் படத்துக்குப் பக்கத்திலேயே அடுப்பு. சூப் ஆவி. ஜன்னல் திறந்தால் பனிக்காற்று. இரண்டு குளிர்காலம், மிஞ்சிப்போனால் மூன்று. முதலில் தாடை கொப்புளிக்கும், அப்புறம் கன்னம், ஒரு நாள் காலைச் சாப்பாட்டு நேரத்தில் மொத்தமும் தொப்பென்று விழும், கனிஷாய் பழையபடி தேநீர் ஊற்றிக்கொண்டிருப்பாள். நினைத்துப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தேன். வெகுகாலம் தனியாக இருப்பவனுக்குப் புத்தி இப்படித்தான் போகும்.

ஆறாம் நாள் மீரிம் திரும்பி வந்தாள். படத்தைப் பார்க்கவிட்டு நான் தேநீர் போடப் போனேன். பின்னால் சர்ரென்று ஒரு சத்தம் கேட்டது. திரும்பினேன். என் மேசையில் கிடந்த ஒட்டு டேப்பைக் கிழித்துப் படத்தில் ஒட்டி, உருவியிருந்தாள்.

"அண்ணே, இதைப் பாருங்க."

டேப்பில் அவளுடைய தாடை ஒட்டிக்கொண்டிருந்தது. படத்தில் அந்த இடத்தில் கனிஷாயின் தாடை பளபளவென்று தெரிந்தது.

"யாரு உன்னைத் தொடச் சொன்னது?" என்று கத்தினேன். கையும் களவுமாகப் பிடிபட்டவன் கத்தத்தானே செய்வான்.

அவள் பயப்படவில்லை. "மாஸ்கோவுல எங்க மேஸ்திரி இப்படித்தான் பார்ப்பாரு. ஆறு வருஷம் வீடுங்களுக்குப் பெயிண்ட் அடிச்சேன் அண்ணே. ஒரு தடவ அவசரத்துல ஒரு மாடிப்படிச் சுவர் பூரா பழைய பளபளப்பு மேலயே அடிச்சிட்டோம். ஒரே மாசம். பாம்பு சட்டை மாதிரி தொங்குச்சு. அந்த ஆளு உப்புத்தாளை எங்க வாயில திணிக்காத குறை. அதுக்கப்புறம் எதைப் பார்த்தாலும் டேப் ஒட்டிப் பாக்கறது பழக்கமாயிடுச்சு."

"வயசாச்சும்மா. தேய்க்க மறந்துட்டேன்."

"பாவாடைல ஒட்டிப் பார்த்தேன். வரல. கைல ஒட்டிப் பார்த்தேன். வரல." டேப்பைச் சுருட்டித் தன் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டாள். "முகத்தை மட்டும் மறந்தீங்களா?"

கெட்டில் கொதித்து மூடி தடதடத்தது. அவளே போய் அதை இறக்கி, இரண்டு கோப்பையில் ஊற்றி, பால் கலந்து, ஒன்றை என் கையில் கொடுத்தாள்.

"அக்காவைப் பிடிக்குமா உங்களுக்கு?"

பத்தொன்பது வருஷத்தில் என்னை யாரும் கேட்காத கேள்வி. எத்தனையோ பதில் தயாராக வைத்திருந்தேன் என்றுதான் நினைத்திருந்தேன். "ம்" என்றேன்.

"அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது." கொஞ்சம் கழித்து, "தெரிஞ்சிருக்கலாம்" என்றேன். "நான் கேக்கல."

அவள் தலையாட்டினாள். தேநீரைக் குடித்து முடித்தாள். அப்புறம் கோப்பையைப் பார்த்தபடியே சொன்னாள்.

"அந்த வீட்டுல அக்காவோட மூத்த பொண்ணு எங்கூடப் பேசறதில்ல. சமையக்காரம்மா நான் கேட்டா காது கேக்காத மாதிரி போறா. மாஸ்கோக்காரி, இந்தக் குளிர்காலம் தாண்டுவாளா பாக்கலாம்னு என் காதுபடவே பேசிக்கறாங்க. எனக்குத் திரும்பிப் போக வேற வீடு கிடையாது அண்ணே. எங்கம்மா போயாச்சு, வீட்டைத் தம்பி வித்துட்டான். இந்தப் படத்தை நான் கேக்கல. வேணாம், அக்கா அங்கேயே இருக்கட்டும்னு அவர்கிட்ட அழுதே பார்த்தேன், கேக்கமாட்டேன்னுட்டாரு. இனிமே இது அங்க தொங்கத்தான் போகுது. எல்லாரும் சாப்பிட்டுட்டு இருக்கறப்ப என் மூஞ்சி உரிஞ்சு விழுந்தா, சுவரே இவளைத் துப்பிடுச்சும்பாங்க. அப்புறம் நான் அந்த வீட்டுல எப்படி நடமாடறது?"

இரண்டு குளிர்காலம் என்று கணக்குப் போட்ட எனக்கு அந்த இரண்டு குளிர்காலத்துக்குப் பிறகு இவள் எங்கே நிற்பாள் என்ற கணக்கு வரவில்லை. என்னைவிடத் தனியான ஆள் இந்த ஊரில் யாரும் இல்லை என்ற ஒரு திமிர் எனக்கு இருந்தது. வெட்கமாக இருந்தது.

மீரிம் எழுந்து கோட்டைக் கழற்றினாள். சட்டைக் கையை மடித்துவிட்டாள். மேசையிலிருந்து உப்புத்தாளை எடுத்து, விரலால் தடவி, சொரசொரப்பு எவ்வளவு என்று பார்த்தாள்.

"உங்களால முடியலன்னா நான் தேய்க்கறேன். வலிக்காம தேய்ப்பேன்."

"குடு இங்க" என்று பிடுங்கினேன். "சுவர் தேய்க்கிறவ கையில முகத்தைக் குடுப்பாங்களா!"

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. ஜன்னல் ஓரமாகப் போய், "நான் தெருவைப் பாத்துட்டிருக்கேன். உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆகுமோ ஆகட்டும்" என்று முதுகைக் காட்டி நின்றாள்.

நான் அப்பியிருந்த முகத்தை எடுக்க ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. கத்தி முனையால் நெம்பினதும் பாலாடை மாதிரி மொத்தமாக வந்தது. கனிஷாய் இருந்தாள். ஒரு கீறல் இல்லை. டர்பன்டைனில் தாளை நனைத்தேன். நெற்றியில் ஆரம்பித்தேன், அது சுலபம் என்று. சின்னச் சின்ன வட்டமாக, அழுத்தாமல். வட்டம் போன இடமெல்லாம் கண்ணாடி மங்கி, சாம்பல் பூத்தது. நெற்றியிலிருந்து புருவம். புருவத்திலிருந்து மூக்கு. பிறகு கன்னம். பத்தொன்பது வருஷத்துக்கு முன் இந்தக் கன்னத்தை வரைந்தபோது எங்கள் நடுவில் ஒரு தூரிகையின் நீளம் இருந்தது. இப்போது என் கட்டைவிரலுக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு தாள்தான். தாள் வழியாக அந்தக் கன்னத்தின் மேடு எனக்குத் தெரிந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அவளைத் தொடுகிறேன், தொடுவது அழிப்பதற்காக. அழுதேன். இதில் மறைக்க என்ன இருக்கிறது.

உதட்டை முடித்தேன். தாடையை முடித்தேன். தூசியைத் துணியால் ஒற்றி எடுத்தேன். முகம் முழுக்க மங்கல், பனி மூட்டத்துக்கு அந்தப் பக்கம் யாரோ நிற்பது போல.

"ஆச்சு" என்றேன்.

மீரிம் வந்தாள். முன்னால் நின்று பார்க்கவில்லை. பெயிண்ட் வேலை தெரிந்தவர்கள் பார்க்கிற மாதிரி, படத்துக்குப் பக்கவாட்டில் போய், ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"இடது கண்ணோரம் இன்னும் மின்னுது அண்ணே."

எனக்குத் தெரியும். அவ்வளவு சின்ன இடம் அவள் கண்ணில் படாது என்று நினைத்திருந்தேன். ஒரு கடுகு அளவு. அதையாவது விட்டுவைப்போமே என்று. தாளை மடித்து, மடிப்பின் முனையால் அதையும் தேய்த்தேன். பூண்டை வெட்டிக் கொடுத்தாள். பூசினேன்.

அதன் பிறகு மீரிமை மீரிமாக வரைந்தேன். அவசரப்படாமல், இருக்கிற வெளிச்சத்தில், அந்த அகலமான தோளையும் பயந்து பயந்து நிமிர்கிற கழுத்தையும் பார்த்துப் பார்த்து வரைந்தேன். நல்ல படம். காய்ந்த பிறகு அவளே டேப் ஒட்டி உருவினாள். ஒரு துளிகூட வரவில்லை. டேப்பை ஜன்னலில் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

விருந்து மத்தியானம். ஹால் நிறையக் கூட்டம், நீள மேசைகள், ஆவி பறக்கிற இறைச்சித் தட்டுகள். படத்தை அதே இடத்தில் மாட்டியிருந்தார்கள். வந்தவர்கள் பார்த்தார்கள், ஒன்றிரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், பிறகு சாப்பிட உட்கார்ந்தார்கள். யாரும் கரண்டியைக் கீழே வைக்கவில்லை. மூத்த பெண் மட்டும் படத்துக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள். மீரிம் வரிசையாகத் தேநீர் ஊற்றிக்கொண்டே போனாள். அந்தப் பெண்ணின் கோப்பைக்கும் ஊற்றினாள். பெண் கையால் மறைக்கவில்லை.

தோரோன்பெக் எனக்கு ஒரு மேலங்கி போர்த்தி, எல்லோர் முன்னாலும் கட்டிப்பிடித்து, ஏதேதோ புகழ்ந்தான். கூட்டம் சாப்பாட்டில் மும்முரமான பிறகு என் தோளில் கை போட்டுப் படத்தின் பக்கம் இழுத்துப் போனான். நன்றாகக் குடித்திருந்தான். குரல் மட்டும் தெளிவாக இருந்தது.

"ஷெய்ஷென். அவ உள்ளதான இருக்கா?"

"இருக்கா."

"என்னைக்காவது ஒரு நாள், கொஞ்சமாவது, மேல தெரிவாளாடா? நிறம் மங்குனா? பத்து வருஷம் கழிச்சு?"

என்னைப் பார்த்த அவன் முகத்தைக் கண்டு எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவனை எத்தனை வருஷம் பொறாமையாகப் பார்த்திருக்கிறேன். "தெரியலாம்டா" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அதை வைத்துக்கொண்டு இன்னும் பத்து வருஷம் ஓட்டிவிடுவான். கூட்டத்துக்கு நடுவில் மீரிம் கெட்டிலோடு நிமிர்ந்து நின்று எங்களைப் பார்த்தாள்.

"தெரியமாட்டா" என்றேன். "நான்தான் தேய்ச்சேன். நல்லா தேய்ச்சுட்டேன்."

அவன் தலையை ஆட்டினான். ஆட்டிக்கொண்டே இருந்தான். என் தோளிலிருந்து கையை எடுக்கவில்லை. இரண்டு பேரும் படத்தைப் பார்த்தபடி நின்றோம். பிறகு யாரோ அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள், மூக்கைத் துடைத்துக்கொண்டு போனான். என்னைக் கூப்பிட யாரும் இல்லை. நான் இன்னும் கொஞ்ச நேரம் நின்றேன்.